மதுரைச் சீமையின் இசை வரலாறு – 17: பெட்டி வாசித்த கை

2025 மார்ச் 8ஆம் தேதி, லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உள்ள எவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் இசைக்குழு. நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். எழுதியவருக்கு அப்போது 81 வயது. மறுநாள் தமிழ்ப் பத்திரிகைகள் அவர் தலையில் சூட்டிய ‘முதல் இந்தியர்’ என்ற மகுடத்தை இந்தத் தொடர் சுமக்க வேண்டியதில்லை. வயலின் மேதை எல். சுப்பிரமணியம் முழு இசைக்குழுவுக்கு எழுதிய ‘ஃபேண்டஸி ஆன் வேதிக் சாண்ட்ஸ்’ 1985இலேயே சுபின் மேத்தா நடத்த நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் ஒலித்தது. பஞ்சாபியான நரேஷ் சோஹல் 1960களில் லண்டனுக்குப் போய்த் தங்கி, பிரிட்டிஷ் இசைக்குழுக்களுக்கு எழுதியே வாழ்ந்தவர். பண்டிட் ரவிசங்கரின் சிம்பொனி 2010இல், அவருடைய தொண்ணூறாவது வயதில் அரங்கேறியது. யார் முந்தி, யார் பிந்தி என்பது விளையாட்டுப் போட்டிக்குரிய கணக்கு. நமக்கு வேண்டிய கேள்வி வேறு. 1996 வரை மதுரை மாவட்டமாகவே இருந்த கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்து, முறையான சங்கீதப் பள்ளி எதையும் மிதிக்காமல் வளர்ந்த ஒருவர், ஒரு பெரிய இசைக்குழுவின் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதும் நிலைக்கு வந்தது எப்படி?

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, தெய்வ அருள். வரலாற்றுத் தொடர் எழுதுகிறவனுக்கு அதில் வேலை இல்லை. மற்றொன்று, சென்னையில் மாஸ்டர் தன்ராஜ் மேற்கத்திய இசையைக் கற்றுக் கொடுத்தார், அதனால் வந்தது என்பது. இது உண்மை, ஆனால் பாதி உண்மை. தன்ராஜ் மாஸ்டரிடம் பலர் படித்தார்கள், ஏ.ஆர். ரகுமானும் படித்தவர்தான். படித்த எல்லோரும் ஒரே மாதிரி எழுதவில்லை. என் கருத்து இது: தன்ராஜ் மாஸ்டரின் அறைக்குள் நுழைவதற்கு முன்பே இளையராஜாவின் தொழிற்பயிற்சியில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. அதை முடித்து வைத்தது மதுரைச் சீமையின் நாடக மேடையிலும் கட்சி மேடையிலும் ஆண்ட ஆர்மோனியப் பெட்டி.

அந்தப் பெட்டியின் பிறப்பிடம் பாரிஸ். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே உருவாகி, மிஷனரிகளோடு இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றவர்கள் கையில் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் வடிவம் பெற்றது. பார்சி நாடகக் கம்பெனிகள் அதைத் தெற்கே கொண்டுவந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய காலத்தில், ஆர்மோனியம் இல்லாத நாடக மேடையை நினைத்தே பார்க்க முடியாது. சுவாமிகள் 1922இல் மறைந்தார். கம்பெனிகளும் சினிமா வந்ததும் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஆனால் அவர் நாடகங்கள் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற வடிவத்தில் மதுரையைச் சுற்றிய ஊர்களில் தொடர்ந்தன. இன்றும் கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கிறது. இந்த வடிவத்தின் நடைமுறை விசித்திரமானது. முருகனுக்கு ஒருவர், வள்ளிக்கு ஒருவர், நாரதருக்கு ஒருவர், பபூனுக்கு ஒருவர் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பெரும்பாலும் அன்று இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. இத்தனை பேரையும் ஒரே நாடகமாகக் கட்டி நிறுத்துகிறவர் மேடை ஓரத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர். எந்த நடிகர் எத்தனை கட்டையில் பாடுவார், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்தப் பாட்டை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண் வேடம் போய்ப் பெண் வேடம் வந்தால் சுருதி மாறும். அவர் விரலும் அந்தக் கணமே இடம் மாறும். தாளமும் மிருதங்கமும் அவர் கண்ணசைவுக்குக் காத்திருக்கும். இந்த வேலையை மேற்கத்திய அரங்கில் செய்கிறவரை நடத்துநர் என்பார்கள். நம் ஊரில் அவருக்கு ஒரு சோடாவும் சம்பளமும் கொடுத்து விடியற்காலை பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

சபா சங்கீதம் இந்தப் பெட்டியை உள்ளே விடவில்லை. காரணம் வெறும் கர்வம் என்று சொன்னால் அநியாயம். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பாரதி, பின்னாளில் சங்கீதத்தைப் பற்றி எழுதியபோது ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடினார். தாகூருக்கும் அது ஆகாது. அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் அதற்குத் தடை போட்டது. அந்தத் தடை மூன்று பத்தாண்டுக்கு நீடித்தது. தடைக்கு வாதம் தயாரித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் தில்லி வானொலியில் பணியாற்றிய ஆங்கிலேய இசைப் படைப்பாளி ஜான் ஃபௌல்ட்ஸ் என்பது இந்தக் கதையில் வரும் வேடிக்கை. இந்திய வாத்தியங்களைக் கொண்டு ஓர் இசைக்குழு அமைக்கக் கனவு கண்ட அந்த மனிதருக்கும் பெட்டி எதிரியாகவே தெரிந்தது. அவர்கள் சொன்ன குறை மறுக்க முடியாதது. பெட்டியின் கட்டைகள் அசையாதவை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக அதில் இடமில்லை, கமகம் வராது. தோடியின் காந்தாரத்தைப் பெட்டியில் தேடுகிறவனுக்குக் கிடைப்பது அதன் எலும்பு மட்டுமே. பன்னிரண்டு ஸ்தானங்களையும் சம இடைவெளியில் வெட்டி வைத்த அந்தச் சுருதியும் நம் காதுக்கு ஒரு மயிரிழை பிசகியே ஒலிக்கும். (ஆனாலும் பெட்டியை வெளியே நிறுத்திய வித்வான்கள் தங்கள் சுருதியை மட்டும் அதன் கட்டையை வைத்தே எண்ணினார்கள். இன்றும் அப்படித்தான்.)

ராகத்துக்குக் குறையாக நின்ற அதே அசையாமைதான் வேறொரு வாசலைத் திறந்தது. ஸ்வரம் அதன் இடத்தில் ஆடாமல் நின்றால்தான் இரண்டு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அழுத்தி, அவை சேர்கின்றனவா மோதுகின்றனவா என்று கேட்க முடியும். ஐரோப்பிய ஒத்திசைவு முழுவதும் அந்த ஒரு வசதியின் மேல் எழுந்த கட்டடம். சபாவில் தம்புரா சுருதியோடு வளர்ந்த பிள்ளையின் காது ஒரு ஸ்வரத்தின் உள்ளே போகப் பழகுகிறது. பெட்டியோடு வளர்ந்த பிள்ளையின் காது ஸ்வரங்களைப் பக்கத்தில் பக்கத்தில், தனித்தனிப் பொருள்களாகக் காணப் பழகுகிறது. எது உயர்ந்தது என்ற வழக்கை இங்கே விசாரிக்கவில்லை. சிம்பொனி எழுதப் போகிறவனுக்கு எந்தக் காது கைகொடுக்கும் என்பது மட்டும் வெளிப்படை.

பண்ணைப்புரத்து வீட்டில் பெட்டிக்குச் சொந்தக்காரர் அண்ணன் பாவலர் வரதராஜன். பொதுவுடைமைக் கட்சியின் மேடைப் பாடகர், சொந்தமாகப் பாட்டெழுதியவர், ஊர் அறிந்த சினிமா மெட்டில் புதுச் சொல்லை ஏற்றி, அன்றைய அரசியலை அன்றைக்கே பாட்டாக்கியவர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த அந்த மலைத் தொகுதியில், கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக அவர் பாடித் திரிந்தது தமிழகக் கட்சி வரலாற்றில் இன்றும் பேசப்படும் செய்தி. அப்போது ராசய்யா என்றிருந்த தம்பி இளையராஜா பதின்ம வயதில் இந்தக் குழுவில் சேர்ந்தான். முதலில் பெண் குரல் பாடவும், பிறகு பெட்டி வாசிக்கவும். சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் உடன் இருந்தார்கள். மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம் என்று ஊர் ஊராக மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் போன பத்தாண்டுக் காலம் அது. அங்கே கற்றது என்ன? பாட்டு உடனே வேண்டும், நாளை வேண்டாம். பாடுகிறவர் தொண்டை எப்படியோ அதற்கேற்ப மெட்டு வளைய வேண்டும். எதிரே இருப்பவர்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய ரசிகர்கள் இல்லை. முதல் வரியில் பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். வயலில் கேட்ட தெம்மாங்கும் சாவு வீட்டு ஒப்பாரியும் டூரிங் டாக்கீசில் கேட்ட மெட்டும் அந்த மேடையில் தீட்டுப் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. 1985இல் ‘சிந்து பைரவி’ படத்துக்காக ஒரு நாட்டுப்புறப் பாட்டிலிருந்து தியாகராஜரின் ‘மரிமரி நின்னே’ கிருதிக்குள் நேராகப் போனதும், அதற்காகக் காம்போதியில் இருந்த கிருதியைச் சாரமதிக்கு மாற்றியதும் சபா வட்டாரத்தில் முகச்சுளிப்பை உண்டாக்கின. கட்சி மேடையில் அது தினப்படி வேலை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பின்பாட்டுப் பெட்டியில் வாசிப்பது ஒற்றை மெட்டுதானே, பாடுகிறவரை நிழல்போலத் தொடர்வதுதானே, ஒத்திசைவு அதிலிருந்து எப்படி வரும்? வராது என்பதே பதில். வசதி இருப்பது ஒன்று. அதை முறையாக ஆளும் இலக்கணம் வேறொன்று. அந்த இலக்கணத்துக்காகத்தான் 1960களின் இறுதியில் சென்னை போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் ஸ்டாஃப் நொட்டேஷன், ஒத்திசைவு, எதிரிசை என்று அடிப்படையிலிருந்து படித்தார். லண்டன் டிரினிடி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் எட்டாம் நிலை தேறினார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, பிறர் மெட்டுக்கு வாத்தியப் பகுதி எழுதி எழுதிக் கை திருந்தியது. கர்நாடக சங்கீதத்தை டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றது இந்த வரிசையில் பிந்தி வந்தது. ஆக, ஆசிரியர்களின் பங்கைக் குறைக்க வேண்டியதில்லை. 1976இல் வந்த ‘அன்னக்கிளி’யைக் கவனித்துக் கேட்டால் இரண்டு பள்ளிகளும் எந்த விகிதத்தில் கலந்தன என்பது புரியும். மெட்டு ஊர் மெட்டு. அடியில் நகரும் ஒத்திசைவு தன்ராஜ் மாஸ்டரின் பாடம். ஆனால் அந்த மெட்டின் எந்த ஸ்வரம் தன்மேல் பாரத்தைத் தாங்கும், எதன்மேல் ஏற்றினால் மெட்டு சாய்ந்துவிடும் என்ற தீர்மானம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. தெம்மாங்குக்குக் கீழே ஒத்திசைவை வைக்க ஐரோப்பாவில் யாரும் விதி எழுதி வைக்கவில்லை. அந்தத் தீர்மானம், ஆயிரம் இரவு பெட்டியில் அந்த மெட்டுகளைத் தடவிய விரலிலிருந்து வந்தது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது. பெட்டி மதுரைக்கு மட்டும் சொந்தமா? தமிழ்நாடு முழுக்க இருந்ததே. ஜி. ராமநாதன் கதாகாலட்சேபத்துக்குப் பெட்டி வாசித்து வந்தவர். எம்.எஸ். விஸ்வநாதனின் விரல் ஆர்மோனியத்தில் ஓடிய ஓட்டம் ஊரறிந்தது. அவர்கள் ஏன் சிம்பொனி எழுதவில்லை? தமிழ் சினிமா இசையை ஐம்பது ஆண்டு ஆண்டவர்கள் பெட்டிக்காரர்கள் என்பதை இந்த ஆட்சேபமே ஒப்புக்கொள்கிறது. அந்த மட்டில் என் வாதத்துக்குத் துணைதான். வேறுபாடு, காகிதத்தில் இருக்கிறது. முந்தைய தலைமுறையில் இசையமைப்பாளர் பெட்டியில் மெட்டைப் போடுவார். அதை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் வேலை பெரும்பாலும் உதவியாளர் கையில் இருந்தது. இளையராஜா அந்த இரண்டு நாற்காலியிலும் ஒருவரே உட்கார்ந்தார். வாத்தியத்தைத் தொடாமலே, மனத்தில் கேட்டதை நேராக நொட்டேஷனில் எழுதி, பகுதி பகுதியாகப் பிரதி எடுத்து, அதே காலையில் வாத்தியக்காரர்கள் முன் வைப்பது அவருடைய முறை. ஆயிரம் படங்களுக்கு மேல் இப்படி. ஸ்பெஷல் நாடகத்தின் அவசரமும் ஐரோப்பாவின் காகிதமும் ஒரே ஆளிடம் சேர்ந்த விளைவு அது.

காகிதத்தை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் மண்ணிலோ பெட்டியிலோ இல்லை. அதற்கு மதுரை நகருக்குள்ளேயே சாட்சி உண்டு. அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அறியப்பட்டவர், 1940இல் பிறந்து 2005இல் மறைந்தார். இளையராஜாவுக்கு மூன்று வயது மூத்தவர். மேற்கத்திய இசை, கர்நாடக இசை இரண்டிலும் பயிற்சி பெற்றவர். அவர் நினைத்திருந்தால் நல்ல கோயர் இசையை எழுதிக்கொண்டு மரியாதையாக வாழ்ந்திருக்கலாம். அவரோ கீர்த்தனையையும் ஞானப்பாட்டையும் விட்டு விலகி, தலித் மக்களின் பறையிலும் கும்மியிலும் தேவாலய வழிபாட்டை முழுமையாகப் படைத்தார். பாட்டு எழுதியபடியே நிற்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பாடுகிற ஊர் அதைத் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்றே விரும்பினார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 2014இல் அவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். தமிழில் அவரைப் பேச இன்னும் நமக்கு நேரம் வரவில்லை. ஒரே தலைமுறை, ஒரே சீமை, ஏறத்தாழ ஒரே ஞானம். ஒருவர் ஒரு ஸ்வரம்கூடப் பிறர் விருப்பத்துக்கு விடாமல் எழுதினார். மற்றவர் எல்லாவற்றையும் பிறருக்குத் திறந்துவிட்டார். ஆகவே சூழல் வழி காட்டும், நடக்கிறவன் தன் திசையைத் தானே தேர்கிறான் என்ற அளவில் என் வாதத்தைச் சுருக்கிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

1986இல் வந்த ‘ஹௌ டு நேம் இட்’ அந்தத் தேர்வின் முதல் வெளிப்படையான ஆவணம். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது, வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே நிற்கிறது. ராகத்தில் ஃபியூக் எழுத முடியுமா என்று சோதிக்கும் இடங்கள் அதில் உண்டு. பாக்கின் வயலின் பார்ட்டிட்டாவை எடுத்துவைத்து அதன்மேல் உரையாடும் இடமும் உண்டு. இரண்டு மரபுப் பண்டிதர்களுக்கும் அது முழுத் திருப்தி தரவில்லை. கமகம் மெலிந்துவிட்டது என்றார்கள் இவர்கள். வடிவ வளர்ச்சி போதாது என்றார்கள் அவர்கள். இரண்டும் ஓரளவு சரி. சில பகுதிகள் எடுத்த கருத்தை வளர்த்து முடிக்காமல் சட்டென்று நின்றுவிடுகின்றன. மூன்று, நான்கு நிமிடத்தில் முடித்துப் பழகிய சினிமாக் கை அங்கே தெரிகிறது. ஆனால் ‘இது ஒட்டாத கலப்பு’ என்ற தீர்ப்பை மதுரைக்காரர்கள் சொல்லக் கூடாது. நாம் முன் பகுதியில் பார்த்த மதுரை மணி ஐயரின் கச்சேரியில், ஜனங்கள் கடைசிவரை காத்திருந்து கேட்டு வாங்கியது ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் ‘இங்கிலீஷ் நோட்’. பாண்டு வாத்தியத்தின் நடையைச் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் வாரியிறைத்த அந்தத் துண்டை எந்த வைதிகரும் எழுந்து தடுக்கவில்லை. கச்சேரி மரபுக்குள் இருப்பவர் செய்தால் அது ரசிகத்தனம், வெளியிலிருந்து வந்தவர் செய்தால் கலப்படம் என்ற கணக்குக்கு இசையில் இடமில்லை. அந்தக் கணக்குப் போட்டவர்கள் எதை மனத்தில் வைத்துப் போட்டார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு திருவாசகத்தை அவர் இசைப்படுத்தியபோது ஆட்சேபம் பக்தியின் பக்கத்திலிருந்து வந்தது. உருகிப் பாட வேண்டிய பாட்டை இத்தனை வயலின்களும் எக்காளங்களும் விழுங்கிவிடுகின்றன என்றார்கள். ஓதுவார் மரபில் திருவாசகம் மோகனத்தில் பாடப்படுவது. தேவாரம் போலப் பண் அடைவு அதற்கு வகுக்கப்படவில்லை. எனவே பண்ணை மீறினார் என்ற குற்றம் இங்கே நிற்காது. வாத்தியங்கள் சொல்லை மூடுகின்றன என்பது சில இடங்களில் நிற்கும். ஆங்கில வரிகள் நுழையும் இடங்களில் எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் மாணிக்கவாசகர் யார்? மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ப் பக்கம் உள்ள திருவாதவூரில் பிறந்து, பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர். நரியைப் பரியாக்கிய கதையும் பிட்டுக்கு மண் சுமந்த கதையும் அவரைச் சுற்றி எழுந்தவை. அவை மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நிகழ்த்தப்படுகின்றன. அந்த அமைச்சர் தம் பதிகங்களுக்கு எடுத்துக்கொண்ட வடிவங்களைப் பாருங்கள்: அம்மானை, பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, தோணோக்கம், பொன்னூசல். பெண்கள் காய் வீசும்போதும் சுண்ணம் இடிக்கும்போதும் பூப் பறிக்கும்போதும் ஊஞ்சல் ஆடும்போதும் பாடியவை. அரண்மனையில் இருந்தவர் தெருவின் வடிவத்தை எடுத்து உச்ச தத்துவத்துக்குப் பாத்திரமாக்கினார். தெருவிலிருந்து போனவர் அரண்மனை வாத்தியத்தை எடுத்து அதே பாட்டுக்குப் பாத்திரமாக்கினார். முன்னதை மரபு என்று கும்பிடுகிறவர்கள் பின்னதை மட்டும் வரம்பு மீறல் என்று சொல்ல, அளவுகோல் ஒன்றைக் காட்ட வேண்டும். இதுவரை யாரும் காட்டவில்லை.

கடைசியாக, என் வாதத்துக்கு இளையராஜாவே ஓர் எதிர்ச்சாட்சி என்று யாராவது சொல்லலாம். ‘வேலியண்ட்’ எழுதும்போது தன் சினிமா இசையின் சாயல் எதுவும் அதில் படியாதபடி பார்த்துக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் பண்ணைப்புரத்துக்கும் அதற்கும் என்ன உறவு? சிம்பொனிக்குள் தெம்மாங்கு ஒளிந்திருக்கிறது என்று நான் எங்கும் சொல்லவில்லை. அப்படித் தேடுவது ஊர்ப் பெருமை பேசுகிறவர்களின் பொழுதுபோக்கு. உறவு, வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அவர் சொன்ன கணக்கின்படி அந்த நான்கு பகுதிகளையும் எழுத எடுத்துக்கொண்டது ஏறக்குறைய ஒரு மாதம். பிராம்ஸ் தம் முதல் சிம்பொனியை முடிக்க இருபது ஆண்டு எடுத்துக்கொண்டார்; அந்த மரபில் தாமதம்தான் தரத்துக்குச் சான்று, வேகம் சந்தேகத்துக்குரியது. 1993இல் ஜான் ஸ்காட் நடத்த ராயல் பில்ஹார்மோனிக்கோடு பதிவான இவருடைய முந்தைய சிம்பொனி வெளிவராமலே போனபோது, அந்த வேகத்தையும் ஒரு காரணமாகப் பலர் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். இங்கிலாந்து விமரிசகருக்கு ஒரு மாத சிம்பொனி ஒரு புதிராகத் தோன்றலாம். திரை விலகி, எதிரே நாரதர் வந்து நின்று, அவர் எந்தக் கட்டையில் வாயைத் திறப்பார் என்று பார்த்து அந்தக் கணமே பெட்டியில் விரலை வைத்த பின்பாட்டுக்காரருக்கு ஒரு மாதம் என்பது தாராளமான அவகாசம்.

(தொடரும்)